70 லிட்டரா? சான்ஸே இல்லை!

கிட்னியை ஃபில்டர்னு எல்லாரும் சொல்றோம். ஆனா வடிகட்டணும்னா யாராவது ஒரு பக்கத்துலேர்ந்து அழுத்தணுமே? அந்த அழுத்தம் உண்மையா, கற்பனையான்னு விஞ்ஞானிகள் எண்பது வருஷத்துக்கு மேல சண்டை போட்டிருக்காங்க. மூக்கைப் பொத்திக்காம கூட வாங்க :-)

1842. லண்டனில் வில்லியம் பௌமன், வயசு 25. நுண்ணோக்கியில் சிறுநீரகத்தைப் பார்க்கிறார். நூல்கண்டு மாதிரி சுருண்ட ரத்தநாள முடிச்சு (குளோமெருலஸ்), அதைச் சுத்தி ஒரு கிண்ணம், கிண்ணத்திலிருந்து கிளம்பும் நுண்குழாய். முடிச்சு தண்ணீரை மட்டும் விடும், கழிவை நுண்குழாய் செல்கள் சுரக்கும் என்பது அவர் முடிவு.

அதே வருஷம் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் கார்ல் லுட்விக். அவருக்கும் 25 தான்! உடம்புக்குன்னு தனி 'உயிர்ச்சக்தி' எதுவும் வேண்டாம், இயற்பியல் போதும்னு நம்பினவர். இதயம் தள்ளுற வேகத்துல ரத்தத்தின் திரவம் முடிச்சு வழியா வெளியே வருது. புரதம் மட்டும் உள்ளேயே தங்கிடுது. வந்த தண்ணீரில் பெரும்பகுதி வழியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிடுதுன்னார்.

இதை மறுத்தவர் பிரெஸ்லாவ் நகர ருடால்ஃப் ஹைடன்ஹைன். சாயத்தை ரத்தத்தில் செலுத்தி, நுண்குழாய் செல்கள் அதைச் சுரப்பதைக் காட்டினார். 1883-ல் ஒரு கணக்கும் போட்டார். ஒரு நாள் யூரியா முழுக்க வடிகட்டி மட்டுமே வெளியேறணும்னா சுமார் 70 லிட்டர் வடியணும். வெளியே வர்றதோ ஒண்ணு, ரெண்டு லிட்டர். மிச்சத்தை உடம்பு திரும்ப உறிஞ்சுதா? நம்புற மாதிரியா இருக்கு?

லுட்விக் கட்சிக்கு உயிர் கொடுத்தவர் லண்டனின் எர்னஸ்ட் ஸ்டார்லிங். ரத்தத்திலுள்ள புரதம் தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடிக்குது. அந்த இழுவிசை 25-30 மில்லிமீட்டர் பாதரசம்னு 1890-களில் அளந்தார். ரத்த அழுத்தம் இதை ஜெயிச்சாத்தான் சிறுநீர். அழுத்தம் ரொம்ப விழுந்தா சிறுநீர் ஏன் நின்னுடுதுன்னு இப்ப புரியுதா?

கடைசித் தீர்ப்பு தவளையிடமிருந்து. 1924-ல் பிலடெல்பியாவில் வேர்னும் ரிச்சர்ட்ஸும் முடியளவு கண்ணாடிக் குழாயை அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே குத்தி திரவத்தை எடுத்தாங்க. புரதம் இல்லை. ஆனா சர்க்கரை இருந்தது, குளோரைடு இருந்தது. தவளையின் சிறுநீரில் அந்தச் சர்க்கரை இல்லை! அப்ப வடிகட்டுறதும் உண்மை, திரும்ப எடுக்கிறதும் உண்மை. (சாயம் விஷயத்தில் ஹைடன்ஹைன் சொன்னதும் சரிதான். சில பொருட்களை நுண்குழாய் சுரக்கவும் செய்யுது.)

இன்றைய பாடப்புத்தகக் கணக்கு இது: முடிச்சுக்குள் தள்ளும் அழுத்தம் சுமார் 60. புரதம் பின்னால் இழுப்பது 32. கிண்ணத்தின் எதிர் அழுத்தம் 18. மிச்சம் வெறும் 10. அந்தப் பத்தை வச்சு ஒரு நாளைக்கு வடியறது எவ்வளவு தெரியுமா? 180 லிட்டர்! ஹைடன்ஹைன் நம்பவே முடியாதுன்ன எண்ணைப்போல ரெண்டரை மடங்கு. அதில் 99 சதவீதம் திரும்பிடுது.

பொட்டி தட்டுற எனக்கு இந்த டிசைன் ரொம்பப் பிடிச்சிருக்கு. கெட்டது எதுன்னு பட்டியல் போடலை. சின்னதா இருக்கிற எல்லாத்தையும் வெளியே தள்ளிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்குது. முன்னபின்ன பார்க்காத பல விஷங்களும் தானா வெளியே போயிடும்.

ஆனா விலை உண்டு. அந்த மெல்லிய முடிச்சு ராப்பகலா அழுத்தத்தைத் தாங்கணும். பிபி வருஷக்கணக்கில் எகிறிக்கிடந்தா முடிச்சுகள் ஒவ்வொண்ணா சத்தமில்லாம செத்துப்போகும், புதுசா முளைக்காது. நாற்பது வயசுக்கு மேல பார்த்துக்கலாம்னு இருக்கிற மக்களே, ஒரு தடவை பிபி பார்த்துடுங்க.