செஞ்சிலுவை: சின்னமும் சொல்லும்

மும்பையில் பாந்திரா, கிர்காவ் பகுதிகளின் தெருவோரங்களில் கற்சிலுவைகள் பல நிற்கின்றன. அவற்றுட் சில, 1896இல் தொடங்கிய கொள்ளைநோய்க் காலத்தில் காப்பு வேண்டி எழுப்பப்பட்டவை. அதே நகரில் தாராவி, மாதுங்கா, செம்பூர்த் தெருக்களின் மருத்துவர் பலகைகளிலும் அவ்வடிவம் செந்நிறத்தில் காணப்பட்டதுண்டு. நோய்க்கு எதிராக நின்றவை இரண்டும். எனினும் முன்னது வழிபாட்டுப் பொருள், பின்னது தொழிற்குறி.

பின்னதன் மூலம் 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை. சுவிட்சர்லாந்துக் கொடியின் நிறங்களை இடம் மாற்றியதே இச்சின்னம் என 1906ஆம் ஆண்டு உடன்படிக்கை விளக்கிற்று. சமயத் தொடர்பை விலக்குவதற்கு இவ்விளக்கம் பயன்பட்டது. ஆனால் அக்கொடியின் சிலுவையே கிறித்தவ வழிவந்ததன்றோ? 1876இல் உதுமானியப் பேரரசு, சிலுவை தன் முசுலிம் வீரரின் உணர்வைப் புண்படுத்துகிறது எனக் கூறிச் செம்பிறையை மேற்கொண்டது. 1929இல் அதற்கு உடன்படிக்கையில் இடம் கிடைத்தது.

இங்குச் சொல்லாய்வு சுவையானதொரு செய்தியைத் தருகிறது. சிலுவை என்னும் தமிழ்ச்சொல் சுரியானி மொழியின் 'ஸ்லீபா' என்பதினின்று வந்ததாகக் கருதப்படுகிறது. அரபியின் 'ஸலீப்' அதன் இனச்சொல். உதுமானியருக்கு உறுத்திய சொல்லின் உறவையே தமிழ் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் அமைத்துக்கொண்டது. ஆங்கிலக் 'கிராஸ்' வெறுங் குறுக்குக்கோட்டையும் குறிக்கும். சிலுவை அவ்வாறு குறிக்காது. எனவே ஜெனீவா விலக்க முயன்ற சமயப்பொருளை மொழிபெயர்ப்பு மீட்டுத் தந்துவிட்டது. போர்த்துக்கீசியம் தந்த 'குருசு' குருசடி போன்ற வழக்குகளோடு நின்றுவிட்டது. மராத்தியோ 'க்ரூஸ்' என்பதைச் சமயத்திற்கு ஒதுக்கி, சங்கத்தை 'ரெட் கிராஸ்' என்றே ஒலிபெயர்த்தது. இவ்விரு வழக்குகளையும் மும்பைத் தமிழர் அன்றாடம் கேட்கின்றனர்.

இதனைப் பிழை என்பது மிகை. 'செங்குறுக்கு' என்றிருந்தால் எவருக்கு விளங்கியிருக்கும்? வழக்கு மிகுந்தபோது செஞ்சிலுவை தன் சமயச் சாயலைப் பெரிதும் இழந்தது. இழப்பு வேறிடத்தில் உள்ளது. போர்க்களத்தில் 'தாக்காதே' என்பதே இச்சின்னத்தின் பொருள். மக்களோ 'மருத்துவர்' எனப் படித்தனர். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம், நடுவணரசின் இசைவின்றி இதனைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. மருத்துவருக்கும் விலக்கில்லை. ஆயினும் சட்டம் குறித்த தண்டம் 500 ரூபாய்க்கு மேற்படாததால் அதற்கு அஞ்சியவர் மிகச் சிலரே எனலாம்.

எச்சமயமும் சாராத சின்னம் வேண்டி 2005இல் செம்படிகம் ஏற்கப்பட்டது. தமிழிலோ படிகம் என்றதும் இராமேசுவரத்துப் படிகலிங்கமே நினைவுக்கு வரும்.