தாலியும் விசாவும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு சட்ட வரலாறு

இங்கே படிக்க வந்த வெளிநாட்டு மாணவர் ஒருவர் இந்தியக் குடிமகளை மணந்தால் அவருடைய விசா என்னாகும்? சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரக் கல்லூரிகளுக்கு இது புதிய கேள்வி. பரமத்தி, குருக்கப்பட்டி, பவளத்தானூர் இலங்கைத் தமிழர் முகாம்களுக்கோ பழைய கேள்வி. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: திருமணத்துக்கு இருந்த சட்ட வலு படிப்படியாகக் குறைந்து, நாட்டுக்குள் நுழைந்த விதமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நிலை வந்திருக்கிறது.

1914ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டப்படி, பிரிட்டிஷ் குடிமகனை மணந்த பெண் தானாகவே பிரிட்டிஷ் குடியாகிவிடுவார். 1955இன் இந்தியக் குடியுரிமைச் சட்டம் இந்தத் தானியங்கி முறையைக் கைவிட்டது. மனைவி விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அந்த வழியும் இல்லை. 1986இன் திருத்தம் 'பெண்கள்' என்றிருந்ததை 'நபர்கள்' என்று மாற்றியது. கூடவே ஐந்தாண்டு வசிப்பையும் கேட்டது. 2003இன் திருத்தம் அதை ஏழாக்கியது. அத்திருத்தம் செய்த பெரிய மாற்றம் வேறு. செல்லுபடியாகும் பயண ஆவணம் இல்லாமல் வந்தவரும், அனுமதித்த காலம் கடந்தும் தங்கியவரும் 'சட்டவிரோதக் குடியேறி' ஆனார்கள். அவர்களுக்குப் பதிவு முறையின் கதவு மூடப்பட்டது.

மாணவருக்கு வழி ஓரளவு தெளிவானது. கல்யாணத்தால் மாணவர் விசா தானாக மாறாது. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இல்லாவிட்டால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்பு கொடுத்துப் பதிவு செய்வதே வழக்கம். அதன்பின், கையிலுள்ள விசா காலாவதியாகும் முன், அதை நுழைவு விசாவாக மாற்றக் கோரலாம். பதிவுக்குப் பின் இரண்டாண்டு தொடர்ந்து திருமணம் நீடித்தால், 2015இன் திருத்தப்படி, வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை வந்தாலும் வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது.

திருமணத்தைவிட நுழைந்த விதத்துக்கு முதன்மை தருவதில் இந்தியா தனித்தில்லை, அமெரிக்காவும் இதில் தாராளமில்லை. ஜே-1 பரிமாற்ற விசாவில் போனவருக்கு தாய்நாடு திரும்பி இரண்டாண்டு வசிக்கும் நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தால், அமெரிக்கரை மணப்பது மட்டுமே அதை நீக்காது. அந்த நிபந்தனை பொருந்தும் நாடுகளையும் துறைகளையும் குறிக்கும் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. ஆனால் மருத்துவப் பயிற்சிக்குச் செல்லும் நம்மூர் டாக்டர்களுக்கு நிபந்தனை தொடர்கிறது.

முகாமின் கதை வேறு. இலங்கையில் 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் படகேறி வந்தவர்களில் பலரிடம் பாஸ்போர்ட் இல்லை. அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உள்ளூர்க் கல்லூரிகளில் படித்தார்கள், உள்ளூர்க் குடும்பங்களில் சம்பந்தம் வைத்தார்கள். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சான்றிதழும் வாங்கலாம். சான்றிதழ் செல்லும், ஆனால் ஆவணமின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' எனக் கருதப்படுவதால் குடியுரிமைக்கு உதவாது. ஒரே ஊரில், ஒரே பதிவாளர் முன்னால், அயல்நாட்டு மாணவரின் திருமணம் ஒரு படி ஏற்றுகிறது. முகாம் மாப்பிள்ளையின் திருமணம் அவரை நின்ற இடத்திலேயே நிறுத்துகிறது. இதன் சுமை பிள்ளைகள்மேலும் விழுகிறது: 2004 டிசம்பர் 3 முதல் இங்கே பிறந்த குழந்தையின் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' எனக் கருதப்பட்டால் பிறப்பால் குடியுரிமை இல்லை. இது நியாயமான சட்டமாக எனக்குப் படவில்லை.

2019இன் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தோடு நின்றது; இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லாததால் அதற்கு மேல் போக முடியவில்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தை ஒட்டிய விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. இதே விலக்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறைக்கும் நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். குறைந்தபட்சம் இந்தியரை மணந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்குமாவது.