கொடியும் செவியும்

மாணவ நேயர்களே, கைப்பேசியில் பேசிக்கொண்டே சாலையில் செல்வதால் வரும் இடர் எப்போது தொடங்கிற்று என்று என்னை வினவினால், கைப்பேசி பிறந்த அன்றே என்று விடை கூறுவேன். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், மோட்டரோலா நிறுவனத்துப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள கருவியை ஏந்தி, நியூயார்க் நகரத் தெருவில் நின்று பேசினார். அன்று ஒரு வானொலிச் செய்தியாளரோடு உரையாடியவாறே அவர் தெருவைக் கடந்தார். தம் வாழ்நாளில் செய்த ஆபத்தான செயல்களுள் அதுவும் ஒன்றாகலாம் என்று பின்னாளில் அவரே கூறினார். மறுமுனையில் இருந்தது வானொலி என்பதை, வானொலியில் பேசும் நான் மறைத்தல் தகாது!

இதன் பொருளை உணரச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். குதிரையின்றித் தானே இயங்கும் வண்டிகள் சாலைக்கு வந்த காலத்தில், 1865ஆம் ஆண்டு பிரிட்டன் ஒரு சட்டம் இயற்றியது. வண்டிக்கு 60 கெஜம் முன்னே ஒருவர் செந்நிறக் கொடி பிடித்து நடக்கவேண்டும். நகருக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேல் வேகம் கூடாது. இன்று நமக்கு நகைப்பு வருகிறது. ஆயினும் எச்சரிக்கும் கடமை வண்டியைச் சார்ந்தது என்னும் தெளிவு அச்சட்டத்தில் இருந்தது. 1878இல் கொடி கட்டாயமன்று என்றாயிற்று. 1896இல் இலகுவான வண்டிகளுக்கு முன்னே ஆள் நடக்கும் விதியும் போயிற்று. பின்னர், அந்த மனிதரின் வேலையை மணியும் ஊதுகுழலும் ஏற்றன. கண்ணுக்குக் காட்டிய எச்சரிக்கை, காதுக்குச் சொல்லும் எச்சரிக்கையாக மாறிற்று. இம்மாற்றத்தை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

ஏனெனில் கண் முன்புறத்தையே காணும். முதுகுக்குப் பின்னே காவல் இருப்பது செவியே. ஓர் ஒலி இரு செவிகளையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான அவ்வேறுபாட்டைக் கொண்டு, ஒலி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை மூளை அறிகிறது. ஒரு காதை மட்டும் அடைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1979இல் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்தது. மக்கள் ஹெட்போன் அணிந்து தெருவில் நடக்கலாயினர். மூன்றே ஆண்டுகளில், 1982இல், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து உட்பிரிட்ஜ் என்னும் ஊர், ஹெட்போன் அணிந்து தெருவைக் கடத்தலாகாது என்று விதி செய்தது. அவ்வூராரைப் பலர் எள்ளினர்.

காதும் கையும் ஒழிந்திருந்தால் தீங்கில்லை என்று கருதுவோரும் உளர். கனடாவின் டொராண்டோ நகரில், விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து, 1997இல் இரு அறிஞர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பேசும் வேளையில் மோதலுக்குரிய வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கையில் ஏந்தாது பேசும் கருவியாலும் காப்பு மிகுந்ததாகத் தெரியவில்லை. கையைவிட மனம் எங்கிருக்கிறது என்பதே முதன்மையானது என்று நான் கொள்கிறேன்.

நம் நாட்டிற்கு வருவோம். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் காலை, உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லாத கடவுப்பாதையில் ஒரு பள்ளி வண்டி ரயிலில் அடிபட்டது. 13 குழந்தைகள் மாண்டனர். எச்சரிப்பதற்கென்று அங்கே ஒருவர் இருந்தார். அவர் தடுக்க முயன்றார் என்றும், ஓட்டுநரின் காதில் இயர்போன் இருந்ததென்றும் அன்றைய செய்திகள் அறிவித்தன. 1865ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டிய அந்த மனிதர் அங்கே இருந்தும், அவர் குரல் சென்று சேரவில்லை.

2019 ஜனவரிக்குள் அகல ரயில்பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன. அவ்வாண்டே திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்டும்போது கைக்கருவியில் பேசுவதை ஆபத்தான ஓட்டுதலுள் சேர்த்தது. முதற் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். வழி காண்பதற்கு மட்டும் 2020ஆம் ஆண்டு விதிகள் இடம் தந்தன. ஹெட்போன் அணிந்து நடந்து செல்வோரைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றும் கூறவில்லை.