ஒரே சீமை, ரெண்டு குரல்

புதுக்கோட்டைன்னா தொண்டைமான் மன்னர்கள், சித்தன்னவாசல், திருமயம் கோட்டையோட பேச்சை முடிச்சிடுவாங்க. ஆனா பழமைவாதம் பத்தி நாம இன்னிக்கும் போடுற சண்டையோட ரெண்டு பக்கமும் எங்க ஊர்லேர்ந்து போனதுதான்!

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. 1887-ல் திருமயத்தில் பிறந்தவர் தீரர் சத்தியமூர்த்தி. ரெண்டு பேருமே மகாராஜா கல்லூரியில் படிச்சவங்க. பையன்கள் மட்டுமே படிச்ச அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்க எதிர்ப்பு வந்தது; மன்னர் அனுமதி கொடுத்தார்.

அப்புறம் சென்னை சட்டமன்றம். கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுறதைத் தடுக்கணும்னு 1927-ல் முத்துலட்சுமி தீர்மானம் கொண்டு வந்தார். அவர் அம்மா சந்திரம்மாளே இசைவேளாளர் குடும்பம். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. (அவையில் அவருக்குக் கிடைச்சதா உலவுற 'நச்' பதிலடிக் கதையை விட்டுடுவோம். விஷயம் அதில் இல்லை.)

சத்தியமூர்த்தியை வில்லனாக்குறது சுலபம். வெள்ளைக்காரனுக்கு அஞ்சாத காங்கிரஸ்காரர், காமராஜருக்கே குரு. மத வழக்கத்தில் சட்டம் தலையிடக் கூடாது, மரபும் கலையும் பாழாகும்ங்கிறது அவர் கவலை. 1790-லேயே இங்கிலாந்தில் எட்மண்ட் பர்க் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: தலைமுறை தலைமுறையா வளர்ந்த அமைப்பை ஒரே நாளில் இடிக்காதே. எங்க பொட்டித் தட்டுற தொழிலிலும் இதே வேதம் உண்டு: ஓடுற கோடுல கை வைக்காதே.

சரி, அது யாருக்காக ஓடுது? முத்துலட்சுமி கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

ஆனா அவரும் கண்ணை மூடிக்கிட்டு இடிக்கலை. கோயில் ஊழியத்துக்காகக் கொடுத்த இனாம் நிலத்தை, ஊழியம் செய்யாமலே அந்தப் பெண்கள் வச்சுக்கலாம்னு முதலில் 1929-ல் சட்டம் வந்தது. சோத்துக்கு வழி பண்ணிட்டுத்தான் அடுத்த அடி. பொட்டுக் கட்டுறதையே தடை செய்த சட்டம் 1947-ல்தான் வந்தது. அதைப் பார்க்க சத்தியமூர்த்தி இல்லை, 1943-லேயே காலமாயிட்டார்.

நம்ம அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. முதல் பாதி மத சுதந்திரம். அடுத்த பாதி, சமூக சீர்திருத்தத்துக்கு அரசு சட்டம் போடலாம்னு சொல்லுது. 2018-ல் சபரிமலைத் தீர்ப்பு வந்தப்போ நாடு முழுக்க நடந்த விவாதமும் இந்த ரெண்டு பாதிக்கு நடுவில்தான்.

"காலங்காலமா நடக்குதே"ன்னு யாராவது சொன்னா, உடனே சிரிக்க வேண்டாம். காது கொடுத்துக் கேட்போம். அப்புறம், காலங்காலமா அதுக்கு யார் விலை கொடுத்தாங்கன்னும் கேட்போம். இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்கத்தான் 1927-ல் எங்க ஊர் பொண்ணு ஒருத்தர் அவைக்குப் போக வேண்டியிருந்தது.