மகனுக்குச் சிலேட்டு, மகளுக்குத் தொட்டில்



"ஆண்பிள்ளை படிக்கட்டும், பெண்பிள்ளை வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற பேச்சு நம் தோட்டத்து லயங்களில் நெடுங்காலம் கேட்ட பேச்சு. இது முன்னோர் விட்டுச்சென்ற வழக்கம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். வழக்கம் மட்டும்தானா? சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பினாங்குப் பட்டணத்தில் 1816ஆம் ஆண்டிலேயே பிரீ ஸ்கூல் தொடங்கியது. அது ஆண்பிள்ளைகளின் பள்ளியாகவே பெயர் பெற்றது. பெண்களுக்கென்று நிலைத்து நின்ற கான்வெண்ட் பள்ளி 1852இல்தான் வந்தது. பட்டணத்திலேயே இந்த நிலை என்றால், அக்கரையில் செபராங் பிறைத் தோட்டங்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

ரப்பர் தோட்டத்தில் தாயும் தகப்பனும் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடலாம். மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? மூத்த மகள்தான் பார்த்தாள். தண்ணீர் தூக்கினாள், சோறு வடித்தாள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி வந்தும் அவளுடைய வீட்டு வேலை குறையவில்லை.

கூலியும் இந்த வேற்றுமைக்குத் துணை போயிற்று. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தோட்டங்களைப் பார்வையிட்டவர் சீனிவாச சாஸ்திரியார். குறைக்கப்பட்ட கூலியைப் பழையபடி ஆக்க வேண்டும் என்றார் அவர். அந்தப் பழைய கூலி என்ன? நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மகளின் உழைப்புக்கு விலை குறைவு என்று ஊரே சொல்லும்போது, ஏழைத் தகப்பன் யாருக்குச் சிலேட்டு வாங்குவான்?

பெண்ணால் ஆகாது என்ற எண்ணமும் விரைவில் பொய்யாயிற்று. 1943இல் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. லயத்தைத் தாண்டாதே என்று வளர்க்கப்பட்ட தோட்டத்துப் பெண்களும் அதில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றார்கள்.

மலேசியாவில் 2003 முதல் ஆரம்பக் கல்வி ஆண், பெண் இருபாலார்க்கும் கட்டாயம். ஆனால், மாலையில் மகன் பந்து விளையாடப் போக, மகள் தம்பியை இடுப்பில் சுமந்து நின்றால், அவள் பாடம் படிக்க நேரம் ஏது?

பெற்றோர்களே, வீட்டு வேலையை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். மகன் தட்டைக் கழுவட்டும். மகள் புத்தகத்தைத் திறக்கட்டும். சோறு வடிக்கத் தெரிந்த மகன் நாளை வேலைக்கு எந்த ஊருக்குப் போனாலும் பட்டினி கிடக்கமாட்டான்.