முட்டியில் விழுந்த ஈ

பாளை சீவிக் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது கருப்பணி. தடவாவிட்டால் கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மதுசாரம் பிறப்பதும் பிறவாததும் அந்த ஒரு விரல் சுண்ணாம்பில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கி நுண்ணுயிர்களை அடக்கிவைக்கும். அந்தச் சாறு அடுப்பேறிப் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு இல்லாத முட்டியின் வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் பனையைச் சொல்வார்கள், சீவல் தொழிலாளியைச் சொல்வார்கள், தவறணையில் பிளா ஏந்துபவரையும் விடமாட்டார்கள். முட்டியின் விளிம்பில் குந்தியிருக்கும் சிவந்த கண் பூச்சியை மட்டும், 'கொசு' என்று கையால் விசுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மதுசாரம் ஓர் உடம்புக்குள் போனால் என்ன ஆகிறது என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் நல்ல பங்கு அந்தப் பூச்சியின் இனத்திடமிருந்து கிடைத்தது. ஆகவே மதுசாரத்தின் பயணத்தை அதன் பக்கத்திலிருந்தே பார்ப்போம்.

பனை ஓலையில் வெயில் சமைத்த சர்க்கரை, பூவுக்கும் காய்க்கும் என்று பாளையை நோக்கி இறங்கி வருகிறது. பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் நுனியை மெல்லிய சீவலாக அரிந்துவிட்டால் அந்தச் சர்க்கரை வழியிலேயே ஒழுகி முட்டியில் விழுகிறது. விழும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர். நூற்றுக்குப் பத்துப் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகச் சுக்குரோசு. முதலில் பற்றீரியாக்கள் புகுந்து அதைப் புளிக்கவைக்கின்றன. புளித்த சாற்றில் மதுவங்கள் பெருகிச் சர்க்கரையை மதுசாரமாகவும் நுரைக்கும் வாயுவாகவும் உடைக்கின்றன. அப்படியே விட்டுவைத்தால் மூன்றாவதாக வேறொரு பற்றீரியாக் கூட்டம் வந்து மதுசாரத்தை வினாகிரியாக்கிவிடும். காலைக் கள்ளுக்கும் பிந்திய கள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கால் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த முட்டிக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதைத் தெய்வேந்திரராஜாவும் கிறிஸ்தோபரும் ஆராய்ந்து, இலங்கைப் பனங்கள்ளின் நுண்ணுயிர்கள் பற்றிய கட்டுரையாக 1987இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

மதுவம் முட்டிக்கு எப்படி வருகிறது? கழுவியும் போகாத பழைய கள்ளின் படிவு ஒரு வழி. ஈயின் காலும் வயிறும் இன்னொரு வழி. மதுவத்துக்குச் சிறகில்லை, மணம் உண்டு. வாழைப்பழ வாசனையைத் தருகிற எசுத்தர்களை அது உண்டாக்குகிறது. அந்த வாசனைக்குரிய மரபணு ஒன்றை நீக்கிவிட்டால் ஈக்கள் அந்த மதுவத்தை அவ்வளவாக நாடுவதில்லை என்றும், நாடாதபோது அது பரவுவதும் குறைகிறது என்றும் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். பழ ஈ என்று பெயர் வாங்கியிருந்தாலும் அது தேடிப் போவது பழத்தைவிடப் பழத்தில் வளரும் மதுவத்தையே. மதுவம் இருக்கும் இடத்தில் மதுசாரமும் இருக்கும். ஆகவே இந்தப் பூச்சி பிறந்ததிலிருந்து குடியும் குடித்தனமுமாக வாழ வேண்டியிருக்கிறது. முட்டை இடுவது அங்கே, புழு வளர்வது அங்கே.

ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் இனத்தின் பெயர் துரோசோபிலா மெலனோகாஸ்டர். ஜெர்மானியரான மைகன் 1830இல் அதற்குப் பெயரிட்டார். அதன் தாயகம் தென் ஆபிரிக்கப் பகுதிகளின் காடு. அங்கே மருலா என்ற பழத்தை நம்பி வாழ்ந்த பூச்சி, மனிதனின் பழக்கூடையையும் மதுப்பானையையும் பின்தொடர்ந்து உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நியூயோர்க்கில் தோமஸ் மோர்கனின் அறையில் 1910இல் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ தோன்றியதும், பரம்பரை பற்றிய அறிவு தலைகீழானதும், 1933இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் பாடப்புத்தகச் செய்திகள். நமக்கு வேண்டியது அந்த ஈயின் குடல்.

ஈ குடித்த மதுசாரம் அதன் கொழுப்புத் திசுவை அடைகிறது. அங்கே மதுசார ஐதரசன் நீக்கி என்ற நொதியம் அதைப் பிடித்து அசற்றல்டிகைட்டாக மாற்றுகிறது. அசற்றல்டிகைட்டு நஞ்சு, உடனே அசற்றேற்றாக மாற்றப்பட வேண்டும். அசற்றேற்று ஆனபின் பயமில்லை. அதை எரிக்கலாம், அல்லது கொழுப்பாகச் சேர்த்து வைக்கலாம். அளவோடு மதுசாரம் கலந்த உணவில் வளரும் புழு அதைச் சாப்பாடாகவே நடத்துகிறது. அந்த நொதியம் இல்லாமல் பிறக்கும் ஈக்களும் உண்டு. மற்ற ஈக்கள் சுகமாக வளரும் அதே உணவில் இவை செத்துப்போகின்றன.

நம் ஈரலிலும் இதே இரண்டு படிகள்தான். நொதியத்தின் பெயரும் அதேதான். ஆனால் பெயரை நம்பி இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. மனித நொதியம் நாகத்தைத் தாங்கிய பெரிய புரதம். ஈயினுடையது நாகமே இல்லாத சிறியது, முற்றிலும் வேறு குடும்பம். ஒரே வேலைக்கு இயற்கை இரண்டு தடவை தனித்தனியாகக் கருவி செய்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு: நமக்கு இரண்டாம் படிக்குத் தனி நொதியம் வேண்டும், ஈயினுடையதோ இரண்டு படியையும் தானே செய்ய வல்லது. ஏறத்தாழ ஐந்து வீத மதுசாரமுள்ள ஒரு போத்தல் பனங்கள்ளில் சுமார் 30 கிராம் மதுசாரம் இருக்கும். மனித ஈரல் மணிக்கு ஏழெட்டுக் கிராம் வீதம்தான் அதைக் கரைக்கும். ஒரு போத்தலுக்கு நான்கு மணி நேரம், அவசரப்படுத்த வழியில்லை. மோரும் தேசிக்காயும் குடித்தால் வெறி முறியும் என்பவர்கள் முறிப்பது தாகத்தை.

ஈக்களிலும் எல்லா ஈயும் ஒன்றல்ல. அவற்றின் நொதியத்தில் வேகமானது, மெதுவானது என்று இரண்டு வகை. ஹார்வர்டில் மார்ட்டின் கிரைட்மன் 1983இல் உலகின் வெவ்வேறு இடத்து ஈக்களிலிருந்து இந்த மரபணுவின் 11 பிரதிகளை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். 43 இடங்களில் வேறுபாடு இருந்தது. புரதத்தை மாற்றியது அவற்றில் ஒன்றே ஒன்று. ஓர் அமினோ அமிலம் வேறொன்றாக மாறியதில் ஒரு வகை வேகமாகவும் மற்றது மெதுவாகவும் மதுசாரத்தைக் கையாளுகிறது. மெதுவானதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது வெப்பத்தில் எளிதில் கெடாது.

இந்த இரண்டு வகையும் பூமியில் பரவியிருக்கும் விதம்தான் எனக்கு மிகவும் சுவையானது. மத்திய கோட்டுக்கு அருகே மெதுவானது மிகுதி. வடக்கிலும் தெற்கிலும் குளிர்நாட்டை நோக்கிப் போகப்போக வேகமானது கூடுகிறது. இந்தியாவிலும் அப்படியே என்று ரோத்தக் பல்கலைக்கழகத்து ரவி பர்காஷ் குழுவினர் தெற்கிலிருந்து வடக்காக ஈக்களைச் சேகரித்துக் காட்டினார்கள். யாழ்ப்பாணம் பத்துப் பாகை வடக்கைக்கூட எட்டாத ஊர். அந்தக் கணக்கில், கள்ளுக்குப் பேர்போன நம் நாட்டு ஈ குடியில் பலவீனமானதாக இருக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டுத் திராட்சைத் தோட்டத்து ஈ அதைத் தோற்கடித்துவிடும். இது கேட்க வேடிக்கையாக இருந்தாலும் காரணம் உண்டு. வெயில் நாட்டில் பழம் விழுந்த சில நாளில் காய்ந்தோ அழுகியோ போய்விடும். மதுசாரம் நீடித்துத் தேங்குவதில்லை. குளிர்நாட்டில் பீப்பாய் பீப்பாயாக மனிதன் தேக்கி வைக்கிறான்.

ஆனால் அட்சரேகை மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் தபில்க் என்ற வைன் தயாரிப்பகத்தில் 1970களின் தொடக்கத்தில் பார்த்தபோது, நிலவறைக்குள் மெலனோகாஸ்டர் நிறைந்திருந்தது. மதுசாரத்தை அவ்வளவாகத் தாங்காத அதன் ஒன்றுவிட்ட சகோதர இனம் வெளியே நின்றது. கொங்கோவின் பிராசவில் நகரம் மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பியர் ஆலையைச் சுற்றிப் பிடித்த ஈக்களிடம் வேகமான வகை மிகுந்திருந்தது, மதுசாரத் தாக்குப்பிடிப்பும் உயர்ந்திருந்தது. நாட்டுப்புறத்து ஈக்களிடம் அப்படி இல்லை. 1989இல் வந்த ஆய்வு அது. இடைத்தூரம் சில கிலோமீற்றர்தான். ஈ பறக்கக்கூடிய தூரத்துக்குள்ளேயே ஆலை தன் ஈக்களைத் தெரிந்தெடுத்து வைத்திருக்கிறது.

குடல் இப்படி என்றால், தலைக்கு ஏறும் கதை வேறு. சான் பிரான்சிஸ்கோவில் உல்ரிகே ஹெபர்லைன் குழு உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றை நிறுத்தி, உள்ளே சாய்ந்த தட்டுகள் வைத்து, மதுசார ஆவியைச் செலுத்தி, மேலே ஈக்களை விட்டது. வெறி ஏற ஏற ஈ தட்டிலிருந்து நழுவி அடுத்த தட்டுக்கு விழும். கீழே வந்து சேர ஒரு சாதாரண ஈக்கு சுமார் 20 நிமிடம் ஆகும். சீக்கிரமே விழுந்துவிடும் ஒரு மரபு மாற்றத்தை 1998இல் கண்டார்கள்; 'மலிவான துணை' என்று பொருள்படும் குறும்புப் பெயர் ஒன்றையும் அதற்கு வைத்தார்கள். ஒரு தடவை விழுந்து எழும்பிய ஈ, சில மணி நேரம் கழித்து மறுபடி விட்டால் முன்னையைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. குடல் கெட்டித்துவிட்டதோ என்று பார்த்தால் இல்லை. உள்ளே போன மதுசாரமும் அதே அளவு, கரையும் வேகமும் அதே. பழகியது மூளை. 'எனக்கு ஏறாது' என்று மார்தட்டுபவர் இதை ஒருமுறை யோசிக்கலாம்: அவருக்கு ஏறவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், அவர் ஈரலுக்கு வந்த சுமையில் ஒரு துளியும் குறையவில்லை.

பெண் ஈ நிராகரித்த ஆண் ஈக்கள் மதுசாரம் கலந்த உணவை அதிகம் நாடின என்று 2012இல் அதே குழு எழுதியபோது உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. தேவதாஸ் படம் பார்த்த நமக்கு அதில் புதுமை இல்லை. புதுமை அதே ஆண்டு எமரி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு செய்தியில் இருந்தது. ஒருவகைச் சிறு குளவி ஈயின் புழுவுக்குள் முட்டையிடும். குளவிக் குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று வளரும். அப்படிக் குத்துப்பட்ட புழுக்கள் மதுசாரம் கூடிய உணவைத் தேடிப் போயின. மதுசாரம் புழுவைக் கொல்லாமல் உள்ளிருக்கும் குளவியைக் கொன்றது. தன் நொதியத்தை நம்பி நஞ்சை மருந்தாக உண்கிறது அந்தப் புழு.

மதுசாரத்தோடு நின்றார்களா? இல்லை. கொக்கெயின் ஆவியை ஈக்கு 1998இல் கொடுத்தார்கள். ஈ ஓயாமல் தன்னைத் தானே துடைத்துக்கொண்டது. கோப்பியின் கபீனை ஈயின் உடலும் நம் ஈரலில் உள்ளதைப் போன்ற நொதியக் குடும்பத்தைக் கொண்டே மாற்றுகிறது. இப்போது குடாநாட்டிலும் பேச்சாக அடிபடும் 'ஐஸ்', அதாவது மெதாம்பெற்றமைன், ஈயின் உடலில் சர்க்கரையைக் கையாளும் ஒழுங்கையே குலைக்கிறது என்று 2011இல் ஓர் அமெரிக்கக் குழு கண்டது. திரேகலோசு என்ற சர்க்கரையை உணவில் சேர்த்தபோது பாதிப்புக் குறைந்தது. பாக்கு நீரிணை தாண்டி வடமராட்சிக் கரைக்கு வரும் கஞ்சாவுக்கு மட்டும் ஈ அவ்வளவு உதவாது. கஞ்சா நம் மூளையில் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஈயிடம் இல்லை. எந்தப் பொருளுக்கு ஈ சாட்சி, எதற்கு அல்ல என்று பிரித்து அறியாமல் ஈயிலிருந்து மனிதனுக்குத் தாவுகிற செய்திகளை நான் நம்புவதில்லை.

மறுபடி முட்டிக்கு வருவோம். பிராசவில் ஆலைக்குச் செய்ததை இங்கே ஓர் உயர்தர உயிரியல் வகுப்பே செய்யலாம். நீர்வேலி வாழைத் தோட்டம் ஒன்றில் கனிந்த பழம் போட்ட போத்தலை வைத்து ஈக்களைப் பிடிக்க வேண்டும். திக்கம் வடிசாலை அயலிலோ, நாள்தோறும் கள் கலன் கழுவும் தவறணையின் பின்புறத்திலோ இன்னொரு போத்தல். கள்ளுக்கும் பழத்துக்கும் பல இனங்கள் வரும் என்பதால் உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஒரே இனத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பிடித்தவற்றையே சோதிக்கக் கூடாது. மூளை பழகியிருக்கும் என்று பார்த்தோமே. மதுசாரம் இல்லாத ஒரே உணவில் இரண்டு தலைமுறை வளர்த்து, பேரக்குழந்தைகளை எடுத்து, 3, 6, 9, 12 வீத மதுசாரம் நனைத்த தாளோடு குழாய்களில் அடைத்து, இரண்டு நாள் கழித்து உயிரோடிருப்பவற்றை எண்ண வேண்டும். தவறணைப் பக்கத்து ஈ கூடுதலாகத் தப்பினால் அது பழக்கம் அல்ல, பரம்பரை. நம்மிடம் பிராசவிலில் இல்லாத ஒரு வசதியும் உண்டு. பியர் ஆலை ஆண்டு முழுக்க ஓடும். பனங்கள் பருவத்துக்குப் பருவம் வரும், போகும். ஆவணியில் கள் ஓயும் முன் ஒரு தொகுதியும், அடுத்த பாளை வெளிவருமுன் மார்கழி மழையோடு ஒரு தொகுதியும் பிடித்தால், முட்டி காய்ந்த மாதங்களில் அந்தப் பலம் ஈக்களிடம் தங்குகிறதா, கரைகிறதா என்பதும் அதே குழாய்களில் தெரிந்துவிடும்.