கடல் தாண்டி வந்த கால்கள் – 11: டெல்லிக்கு வந்த ஒல்லாந்தர்

சென்ற வாரம் நெதர்லாந்துக் கால்பந்து வீரர் கியோன் ஃபெர்னாண்டஸை ரோட்டர்டாம் நகரின் டி கைப் மைதானத்தில், பட்டாசுப் புகைக்கு நடுவே நிறுத்திவிட்டு விடைபெற்றோம்.

2014 ஏப்ரல் 20. நெதர்லாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் அயாக்ஸ். ஒரே வாரத்தில், தொடர்ந்து 4-வது முறையாக லீக் பட்டத்தையும் வெல்லப்போகிற அணி அது. மறுபக்கம், பெரிய கோப்பை எதையும் அதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத ஸ்வோலே. மூன்றாவது நிமிடத்திலேயே அயாக்ஸ் கோல் அடித்துவிட்டது. அதன் ரசிகர்கள் வீசிய பட்டாசுகள் மைதானத்துக்குள் விழுந்து வெடித்ததால், நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்.

சுமார் அரை மணி நேரம் கழித்து வீரர்கள் திரும்பினார்கள். அதன்பிறகு நடந்ததை அயாக்ஸ் ரசிகர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். நியூசிலாந்து இளைஞன் ரயன் தாமஸ் 8-வது நிமிடத்தில் ஒன்று, 12-வது நிமிடத்தில் இன்னொன்று. அடுத்து நம் ஆள் கியோன். 22-வது நிமிடத்தில் ஒரு கோல், 34-வது நிமிடத்தில் மறுபடியும் ஒரு கோல். இடைவேளைக்குப் பிறகு பிராம் வான் போலன் ஒன்று சேர்க்க, 5–1 என்று முடிந்தது ஆட்டம். ஸ்வோலேவுக்கு முதல் கோப்பை.

கியோன் முன்பு ஃபெயனூர்டு அணிக்கு ஆடியவர். டி கைப் அந்த ஃபெயனூர்டின் சொந்த வீடு. அயாக்ஸ் அதன் ஜென்மப் பகையாளி. பழைய வீட்டு முற்றத்தில், பழைய பகையாளிக்கு எதிராக, வேறொரு அணியின் ஜெர்சியில் இரண்டு கோல்! ஒரு ஸ்ட்ரைக்கர் ஆயுள் முழுக்க அசைபோட இது போதும்.

ஆனால் ஸ்ட்ரைக்கரின் பிழைப்பு அப்படிப்பட்டதல்ல. டிஃபென்டர் பத்து ஆட்டம் ஒழுங்காக ஆடினால் அவரை நம்பகமானவர் என்பார்கள். ஸ்ட்ரைக்கர் பத்து ஆட்டத்தில் கோல் போடவில்லை என்றால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். கியோனும் கட்டினார். ஆஸ்திரேலியாவில் பெர்த் குளோரி, பிறகு நெதர்லாந்து திரும்பி ஹேக் நகரின் ஏடிஓ. 2017-இல் பெட்டி வந்து இறங்கிய இடம், டெல்லி.

நெதர்லாந்துக்காரர்களை நம் தாத்தாக்கள் ஒல்லாந்தர் என்றுதான் சொன்னார்கள். 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் துணி வாங்கக் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள். கியோன் சேர்ந்த டெல்லி டைனமோஸுக்கும் ஒல்லாந்தர் உறவு புதிதல்ல. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோதே அந்த அணி ஃபெயனூர்டுடன் ஒப்பந்தம் போட்டிருந்தது. முதல் கோச் ஹார்ம் வான் வெல்டோவன், நடுக்களத்தில் ஹான்ஸ் முல்டர் என்று வரிசையாக நெதர்லாந்துப் பெயர்கள். இத்தாலியின் டெல் பியரோ அந்த ஆண்டின் நட்சத்திரம். அவர் இங்கே அடித்ததோ ஒரே ஒரு கோல்.

வெளிநாட்டு வீரர்கள் இந்தியாவுக்குப் பென்ஷன் வாங்க வருகிறார்கள் என்ற பேச்சு அங்கிருந்துதான் வலுத்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 31 வயதில், மொழி தெரியாத ஊரில், தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஒருவர் எப்படி ஆடுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டும்.

கியோன் வந்த நேரம் நல்ல நேரம் போலத்தான் தெரிந்தது. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ஜவஹர்லால் நேரு மைதானத்தில், அந்த அக்டோபர் 9 அன்றுதான் மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் கொலம்பியாவுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் அடித்திருந்தான். உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல் அது. 17 வயதுக்குட்பட்டோர் போட்டிதான், ஆனாலும் நாடே சிலிர்த்தது.

டெல்லிக்குக் கோச் ஸ்பெயின்காரர் மிகெல் ஆங்கெல் போர்த்துகல். முன்வரிசையில் கியோனுடன், 2010 உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்காகக் கோல் அடித்த காலு உச்சே. இளைஞர்களில் மிசோரமின் சாங்தே, கூடவே 21 வயதுச் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். நவம்பர் 22 அன்று புனேயில் முதல் ஆட்டம், 3–2 என வெற்றி.

அதோடு சரி. பெங்களூரு 4–1. நார்த் ஈஸ்ட் 2–0. ஜாம்ஷெட்பூர் 1–0. கோவா 5–1. கொல்கத்தா 1–0. மும்பை 4–0. ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. புத்தாண்டு பிறந்தபோது டெல்லி பட்டியலின் அடியில் கிடந்தது.

ஜனவரியில் டெல்லிக்குப் போனவர்களுக்குத் தெரியும். சாயங்காலமானால் விளக்குக் கம்பத்தைச் சுற்றிப் பனி புகையாக நிற்கும். வறுத்த வேர்க்கடலை விற்பவர் கடலைக் குவியலின் உச்சியில் தணல் போட்ட சின்ன மண்சட்டியை வைத்திருப்பார், கடலை ஆறாமல் இருக்க. வாங்குகிறவர்கள் கடலைக்கு முன்னால் அந்தச் சட்டிக்குத்தான் கையை நீட்டுவார்கள். 60,000 பேர் உட்காரக்கூடிய மைதானத்தில் தோற்கும் அணியைப் பார்க்க அந்தக் குளிரில் வந்து உட்கார்ந்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

ஜனவரி 7, ஞாயிறு. எதிரே நம்ம சென்னையின் எஃப்.சி. முதல் கோல் டெல்லிக்கு. பிறகு ஜெஜே லால்பெக்லுவா அடித்தார், திரும்பவும் அடித்தார். சென்னை 2–1. 90 நிமிடம் முடிந்து இன்ஜுரி டைம். ஏழாவது தோல்வி எழுதியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் பந்து வலைக்குள் கிடந்தது. அடித்தவர் கியோன் ஃபெர்னாண்டஸ். 2–2. நம் ஊர் அணிக்கு எதிரான கோல்தான். இருந்தாலும் சொல்கிறேன், ரோட்டர்டாமில் அடித்த இரண்டுக்கும் இது இளைத்ததல்ல. அங்கே கோப்பை கிடைத்தது. இங்கே கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. ஆனால் இந்தச் சென்னைதான் அந்த ஆண்டு மார்ச்சில் சாம்பியன் ஆனது.

மூன்றே நாளில் கேரளாவின் இயன் ஹியூம் டெல்லிக்கு எதிராக மூன்று கோல் போட்டு மறுபடியும் தரையில் தள்ளினார்.

ஜனவரி 14. தமிழ்நாட்டில் பொங்கல். டெல்லிக்கு வந்த விருந்தாளி, நவம்பரில் 4–1 என்று புரட்டி எடுத்த பெங்களூரு. லீக் கட்டத்தை 40 புள்ளிகளோடு முதலிடத்தில் முடிக்கப்போகும் அணி, முன்னால் சுனில் சேத்ரி. ஆனால் 72-வது நிமிடத்தில் சாங்தே ஒரு கோல் அடித்துவிட்டார்! அதன்பிறகு ஒவ்வொரு நிமிடமும் டெல்லிக்கு ஒரு யுகம். ஒரே ஒரு கோல் முன்னிலை. ஒரு சறுக்கல் போதும், எல்லாம் போய்விடும். 90 நிமிடமும் தாண்டியது. இன்ஜுரி டைமில் நடுவர் விசில் ஊதி வெள்ளைப் புள்ளியைக் கை காட்டினார்.

பெனால்டி, டெல்லிக்கு.

பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தவர் கியோன்.

(அடுத்த வாரம்: அந்த உதை. பிறகு, 2019-இல் டெல்லி டைனமோஸ் என்ற பெயரையே உதறிவிட்டுப் புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆன அணியின் கதை.)